ஏழாம் நம்பர் பிளக்

குவைத்திலிருந்து வந்திருந்த ஹரிபாபுவின் பெட்டியைப் பிரித்தபோது வீட்டிலிருந்த மூவரும் ஆளுக்கொன்றைத் தேடினார்கள். அம்மா சுந்தரம்மாவுக்குப் பூப்போட்ட கம்பளி. நைனா கங்கையாவுக்கு முட்டியில் தேய்க்கிற தைலம். தங்கை கலைவாணி எதைத் தேடினாள் என்பது அவளுக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். பேரீச்சம்பழத்தையும் சோப்புக் கட்டிகளையும் தள்ளிவிட்டு, துணிகளை உதறி, பெட்டியின் அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவி, கடைசியில் அழுகிற குரலில், "அண்ணா, மறந்துட்டியா?" என்றாள். மூன்று வருஷம் கழித்து வந்த அண்ணனை அவள் சரியாக நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஹரிபாபுவும் லேசுப்பட்டவன் இல்லை. தங்கையைத் தவிக்கவிடுவதற்கென்றே விமானம் ஏறி வந்தவன்போல் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, "பால்பவுடர் டப்பால ஒண்ணு மட்டும் கனம் கம்மியா கீது பாரு," என்றான்.

அந்த டப்பாவுக்குள் பால்பவுடர் இல்லை. ஒரு காலுறை இருந்தது, காலுறைக்குள் எட்டுச் சின்ன அட்டைப் பெட்டிகள். கலைவாணி ஒன்றைத் திறந்து உள்ளேயிருந்த ஸ்பார்க் பிளக்கை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மேலே வெள்ளைவெளேரென்று பீங்கான் உடம்பு, இடுப்பில் ஆறு பட்டை இரும்பு, கீழே மரை, மரையின் நுனியில் தொட்டால் ஒடிந்துவிடும்போல் ஓர் இரிடியம் ஊசி. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நகைக்கடையில்கூட அவளுக்கு இப்படி ஆனதில்லை. சுந்தரம்மா மகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இத்தினூண்டு கீது. இதுக்கா ஒரு டப்பா பால்பவுடர கொட்டிட்டு வந்தே?"

"அம்மா, இது கெடைக்காம நாலு கடை ஏறி எறங்கினேன்மா," என்றான் ஹரிபாபு. சுந்தரம்மாவுக்குப் பால்பவுடர் போனது போனதுதான். அன்று ராத்திரி டீ குடிக்கும்போதுகூட அதைச் சொல்லிக்காட்டினாள்.

இந்த இத்தினூண்டுப் பொருளுக்குப் பின்னால் ஒரு கார் இருந்தது. வாசலில் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். பெங்களூரில் சாப்ட்வேர் வேலை பார்த்த ஒருவன் ஆசை ஆசையாக வைத்திருந்து, அமெரிக்காவுக்கு விசா வந்ததும் மனசில்லாமல் விற்றுவிட்டுப் போன கார். அண்ணன் குவைத்திலிருந்து அனுப்பியதையும் தன் சம்பளத்தையும் போட்டுக் கலைவாணி அதை வாங்கினாள். பார்க்க ஊரில் ஓடுகிற மற்றச் சின்னக் கார்களைப் போலத்தான் இருக்கும். மூடியைத் திறந்தால்தான் விஷயம் தெரியும். என்ஜின் விடுகிற புகையின் வேகத்தாலேயே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழலவைத்து, அந்தச் சுழற்சியில் வெளிக்காற்றை அள்ளி என்ஜினுக்குள் திணிக்கிற டர்போ வண்டி அது. பெங்களூர்க்காரன் அதோடு விட்டானா? காரின் கம்ப்யூட்டரையும் திருத்தி, கம்பெனி வைத்ததைவிடக் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும்படி செய்துவைத்திருந்தான். எவ்வளவு காற்று ஏறுகிறது என்று காட்ட ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மீட்டரையும் ஒட்டியிருந்தான். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் சூடு கூடும். கம்பெனி போட்ட ஆறாம் நம்பர் பிளக்குக்கு அந்தச் சூட்டைத் தாங்கத் தெம்பில்லை. முழுசாக மிதித்தால் யாரோ தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதுமே கலைவாணி காலை எடுத்துவிடுவாள். திருப்பதி பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, சத்தியவேட்டுப் பக்கம் புதிதாக வந்த தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். அந்தச் சத்தம் தொடர்ந்தால் ஒருநாள் பிஸ்டனில் ஓட்டை விழும் என்பது அவளுக்குத் தெரியும்.

அதுவும் இந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி எதுவும் நடந்துவிடக் கூடாது. வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் யாரோ வீட்டுமனை போட்டு, தார்ச் சாலை போட்டு, விளக்குக் கம்பமும் நட்டு, ஒரு மனைகூட விற்காமல் கிடந்த வென்ச்சரில் திருப்பதி மோட்டார் கிளப் ஒன்று நேரப் பந்தயம் வைத்திருந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாகத்தான் ஓட வேண்டும். ரப்பர் கூம்புகளுக்கு நடுவே வளைந்து திரும்பிப் போய் வர வேண்டும். ஆளுக்கு இரண்டு ஓட்டம், அதில் நல்ல நேரம் எதுவோ அதுதான் கணக்கு. பெண்களில் முதலாவதாக வருகிறவளைச் சென்னையில் ஒரு பந்தய அணி ஒரு வருஷத்துக்குத் தங்கள் காரை ஓட்ட வைக்கும் என்று அறிவித்திருந்தார்கள். போன தடவை, தன்னோடு வேலை செய்கிறவளின் காரை இரவல் வாங்கி ஓட்டிக் கலைவாணி இரண்டாவதாக வந்திருந்தாள். அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தாலும் சோறு தின்ன உட்கார்ந்தாலும் அவள் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. அந்த ஒரு வருஷம் அவளுக்கு வேண்டும். வேறு எதையும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டதில்லை.

ஹரிபாபு கொண்டுவந்த எட்டில் நாலு ஏழாம் நம்பர், நாலு எட்டாம் நம்பர். இந்தக் கம்பெனி பிளக்கில் நம்பர் ஏற ஏறக் குளிர்ச்சி. அதாவது பிளக் தன் முனையில் ஏறுகிற சூட்டை அவ்வளவு சீக்கிரம் என்ஜினின் இரும்புக்கு இறக்கிவிடும். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் எதைப் போடுவது என்று அண்ணனும் தங்கையும் வேப்பமரத்தடியில் மல்லுக்கு நின்றார்கள். குவைத்தில் அவன் வேலை செய்வது இப்படிப்பட்ட வண்டிகளையே பார்க்கிற ஒரு ஒர்க்ஷாப்பில். அங்கே எட்டுக்குக் கீழே யாரும் தொடுவதே இல்லை என்றான்.

"அங்க பாலைவனத்து ரோட்ல மிதிச்ச காலை எடுக்காம போய்க்கினே இருப்பாங்கண்ணா. எட்டுக்கு வேல கீது. நாம போறது ரெண்டு நிமிஷம். ஓடி நிக்கும், திரும்ப ஓடி நிக்கும். எட்டப் போட்டா முனை சூடே ஆகாது. கரி ஏறி அடைச்சிக்கும்."

"வெயிலு இங்க மட்டும் கம்மியா?"

"வெயிலுக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல. மிதிக்கிற காலுக்குத்தான் சம்மந்தம்."

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த கங்கையா இதையெல்லாம் கேட்டுவிட்டு, நெருப்பு பற்றவைக்கிற பொருளில் எது குளிர்ச்சி என்று இந்த வீட்டில்தான் சண்டை நடக்கும் என்றார். அவர் இருபது வருஷம் டிராக்டர் ஓட்டியவர். வேதாச்சலத்தின் டிராக்டர் அது. வேதாச்சலம் ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர். டீசல் வண்டிக்குப் பிளக்கே கிடையாது என்பதால் இந்தச் சங்கடமெல்லாம் தனக்கு இருந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். கடைசியில் ஹரிபாபு விட்டுக்கொடுத்தான். ஓட்டப்போகிறவள் அவள், அவள் சொல்கிற ஏழே இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த கையோடு கலைவாணி ஏழாம் நம்பர் நாலையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிளக்கின் ஊசி முனைக்கும் அதன் மேல் வளைந்து நிற்கிற கொக்கிக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பொறி பறக்கும். டர்போ திணிக்கிற காற்று, இடைவெளி அகலமாக இருந்தால் பொறியை ஊதி அணைத்துவிடும். அதனால் கொஞ்சம் நெருக்க வேண்டும். ஊசியை அழுத்தினால் ஒடிந்துபோகும் என்பதால் கொக்கியை மட்டும் மெல்லத் தட்ட வேண்டும். அளவுக்கம்பியை உள்ளே விட்டு, தட்டி, திரும்ப விட்டு, திரும்பத் தட்டி, நாலும் ஒரே அளவாக வந்தபோது அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. முடித்ததும் பெட்டிகளில் போட்டு, எட்டையும் எங்கே வைப்பது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கீழே விழுந்தால் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். எலி இழுக்காத, கை படாத, யாரும் எதையும் நகர்த்தாத இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாமி படம் இருக்கிற பலகை. ஏழுமலையான் படத்துக்கு முன்னால் எட்டுப் பெட்டிகளையும் வரிசையாக வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனாள்.

சனிக்கிழமை காலையில் யாரோ லீவு போட்டதால் அவளைத் திரும்ப ஷிப்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். தானே மாட்ட வேண்டும் என்று கனவு கண்டுகொண்டிருந்தவளுக்கு அழுகையே வந்தது. கம்பெனி பஸ்ஸில் இருந்தபடியே அண்ணனுக்குப் போனில் பாடம் நடத்தினாள். பிளக்குக்கு மின்சாரம் தருகிற காயிலைக் கழற்றுவதற்கு முன்னால் பிளக் இருக்கிற குழிக்குள் காற்றடித்துத் தூசியை ஊது, இல்லாவிட்டால் மண் என்ஜினுக்குள் விழும். கையாலேயே கடைசி வரை மரை ஏற்று. அப்புறம்தான் அளவோடு இறுக்குகிற டார்க் ஸ்பேனர், 'டிக்' சத்தம் வந்ததும் நிறுத்து. "குவைத்ல நான் ஒட்டகம் மேய்ச்சிக்கினு இல்ல, தாயீ," என்று அவன் போனை வைத்தான். சாயங்காலம் அவள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாவியைத் திருகினாள். என்ஜின் பூனைபோல் உறுமி நின்றது. ஒரு நடுக்கம் இல்லை. கலைவாணி அண்ணனின் கன்னத்தைக் கிள்ளினாள். வழக்கமாக இதற்கே ஒருமணி நேரம் பெருமை பேசுகிற ஹரிபாபு அன்று சும்மா சிரித்துவிட்டு முகம் கழுவப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் கிளம்பினார்கள். புது பிளக்கை வடமாலபேட்டை வரைக்குமாவது ஒருதடவை முழுசாக மிதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று கலைவாணி நினைத்திருந்தாள். சுந்தரம்மா பின்சீட்டில் இருக்கும்போது அது நடக்கிற காரியமா? புத்தூர் தாண்டி நல்ல ரோடு வந்ததும் இவள் காலை லேசாக அழுத்த, "இன்னாடி, தலகீழாவா போவுது ஒலகம்? மெதுவா போ," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மீட்டரின் முள் இடத்தைவிட்டு அசையவே இல்லை. டர்போ தூங்கிக்கொண்டே வடமாலபேட்டை வந்து சேர்ந்தது.

வென்ச்சரில் திருவிழாக் கூட்டம். கல்லூரிப் பையன்கள் விளக்குக் கம்பங்களில்கூட ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மைக்கில் ஒருவர் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து கத்திக்கொண்டிருந்தார். கரும்புச்சாறு வண்டி, மிளகாய் பஜ்ஜி வண்டி, எரிந்த டயர் நாற்றம், எல்லாவற்றுக்கும் நடுவே கலைவாணியின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. ஆனால் அது பயம் இல்லை, சந்தோஷம். திருப்பதி டாக்டர் ஒருவரின் மகள் பிரியங்கா, போன தடவை முதலாவதாக வந்தவள், ஏற்கெனவே முதல் ஓட்டத்தை ஓடி முடித்து நல்ல நேரம் வைத்திருந்தாள். நல்ல நேரம்தான், ஆனால் முறியடிக்க முடியாத நேரம் இல்லை என்று கலைவாணியின் கால்களுக்குத் தெரிந்தது.

கொடி இறங்கியது. கார் அம்பாகப் பாய்ந்தது. முதல் கூம்பு, இரண்டாவது கூம்பு, அப்புறம் நேர்ரோடு. இரண்டாவது கியருக்கு மாற்றித் தரையோடு தரையாக மிதித்தாள். மீட்டரின் முள் துள்ளி எழுந்து பாதிக்கு வந்ததுதான் தாமதம், கார் இருமியது. ஒரு வெட்டு வெட்டி இழுத்தது, திரும்ப இருமியது. டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்கியது. காலை எடுத்தால் சரியாக ஓடியது. மிதித்தால் பழையபடி இருமல். கூட்டத்தில் யாரோ சிரிப்பது அவள் காதில் விழுந்தது. காரை உருட்டிக்கொண்டு முடிவுக் கோட்டைத் தாண்டியபோது ஏசி வழியாக ஒரு வாசனை வந்தது. ரப்பர் தீய்ந்த வாசனை இல்லை, ஆயில் வாசனையும் இல்லை. ரசத்துக்குத் தாளிக்கும்போது கை தவறி மஞ்சள்தூளை எண்ணெயில் போட்டால் வருகிற வாசனை. பயத்தில் மூக்கு பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஹரிபாபு ஓடி வந்தான். "காத்து ஏறும்போது மட்டும் இருமுதா?" என்றான். அவள் தலையாட்டினாள். "அப்ப இடைவெளி அகலமா வெச்சிட்ட போல." அவன் அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கலைவாணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. டர்போ வண்டி இப்படி இருமினால் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். அவளே சொல்லியிருப்பாள். நாலு பிளக்கையும் தட்டித் தட்டி அளந்த கையை நம்பாமல் இனி எதை நம்புவது? மைக்கில் இருந்தவர் நடந்து வந்து, "மேடம், மீ செகண்ட் ரன் லாஸ்ட்லோ பெட்டினாமு. பண்டி ரெடி காகபோத்தே வதிலேயண்டி," என்றார். இரண்டாவது ஓட்டத்தைக் கடைசியில் வைத்திருக்கிறோம், வண்டி சரியாகாவிட்டால் விட்டுவிடுங்கள் என்று அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். விட்டுவிடுங்கள் என்ற சொல் அவளைச் சுட்டது.

"எட்டாம் நம்பரப் போட்டுறலாம்," என்றாள். "கையோட கொண்டாந்து கீறேன். தெறக்கலாம், வா."

"இரு, இரு. சூடா கீது. சூட்ல கழட்டினா மரை போயிடும்."

அது உண்மைதான். மூடியைத் தூக்கிவைத்துக்கொண்டு நால்வரும் காத்திருந்தார்கள். கங்கையா தோளிலிருந்த துண்டை எடுத்து, காய்ச்சல்காரனுக்கு விசிறுவதுபோல் என்ஜினுக்கு விசிறினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. என்ஜின் கை வைக்கிற சூட்டுக்கு வந்த பிறகும் ஹரிபாபு இன்னும் கொஞ்சம் போகட்டும், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று இழுத்தான். ஸ்பேனரைத் துடைத்தான், துடைத்ததையே துடைத்தான். கலைவாணிக்குப் பொறுமை போய்விட்டது. அவன் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கி, முதல் காயிலின் ஆணியைக் கழற்றித் தூக்கினாள். நீள ஸாக்கெட்டைக் குழிக்குள் விட்டுத் திருகி, பிளக்கை வெளியே எடுத்தாள்.

வெள்ளைப் பீங்கானில் ஒரு பட்டை மஞ்சள் பூசியிருந்தது. மஞ்சளின் நடுவே குங்குமப் பொட்டு. பொட்டு சூட்டில் கறுத்து, அதிலிருந்து மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இறங்கி இடுப்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காற்று ஏறாதவரை பொறிக்கு முனை வழியே சுலபம். காற்று ஏறியதும் முனையில் பறப்பது கஷ்டமாகிவிடுகிறது. மின்சாரம் சோம்பேறி, சுலபமான வழியைத்தான் தேடும். பீங்கான் வழவழவென்று சுத்தமாக இருந்தால் அதற்கு வேறு போக்கிடம் கிடையாது. மஞ்சளும் குங்குமமும் ஈரத்தோடு ஒட்டிக் காய்ந்திருக்க, அதன்மேல் வழி போட்டுக்கொண்டு வெளியிலேயே இறங்கி ஓடிவிட்டது. இடைவெளி சரியாகத்தான் இருந்தது. ஏழும் சரியாகத்தான் இருந்தது. தன் கை சரியாகத்தான் இருந்தது என்ற சந்தோஷமும், அதற்கு மேலாக ஒரு ஆத்திரமும் ஒரே நேரத்தில் தலைக்கு ஏற, அவள் எட்டாம் நம்பர் பெட்டி ஒன்றைப் பிரித்தாள். அதிலும் மஞ்சள், குங்குமம். இன்னொன்று. அதிலும்.

"எட்டுக்கும் வெச்சேன்," என்றாள் சுந்தரம்மா முகமெல்லாம் மலர்ச்சியாக. திருச்சானூர்த் தாயார் குங்குமம் என்றும் சொன்னாள். "நாலுக்கு வெச்சி நாலுக்கு வெக்காம வுட்டா நல்லாவா இருக்கும்?"

"யாரும்மா ஒன்ன வெக்க சொன்னது?"

அந்தக் குரலில் சுந்தரம்மாவின் முகம் சுருங்கியது. "சாமிகிட்ட நீதான வெச்ச? வெள்ளிக்கிழமை அதுவுமா சாமிகிட்ட வெச்சத பொட்டில்லாம எப்பிடிடீ எடுக்கிறது?" சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வண்டி வந்தப்ப பெயிண்டு மேல வெக்காதம்மா, கறை புடிக்கும்னு சொன்ன. அப்புறம் கோயிலுக்கு எடுத்துக்கினு போனப்பவும் வண்டிக்கு அய்யருதான் வெச்சாரு. அதான் வெளிய தெரியாத எடமாச்சேன்னு இதுல வெச்சேன்," என்றாள்.

கலைவாணி அண்ணனைப் பார்த்தாள். மாட்டும்போது இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

"பாத்தேன்," என்றான் ஹரிபாபு. "தொடைக்கணும்னு துணியக்கூட எடுத்துட்டேன். மூணு வருஷமா அம்மா கைப் பொட்டப் பாக்கல, கலை. கை வரல. இத்தினூண்டு பொட்டு இன்னா பண்ணிடும்னு மாட்டிட்டேன்." குவைத் ஒர்க்ஷாப்பில் பெயர் வாங்கியவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கங்கையா விசிறுவதை நிறுத்தியிருந்தார். "அந்த வேதாச்சலம் டிராக்டரு," என்றார் யாரையும் பார்க்காமல். "வருஷா வருஷம் ஆயுதபூசைக்கு ஒங்கம்மாதான் கழுவுவா. சக்கரத்துல கீற சேத்தக் குச்சி வெச்சி நோண்டி எடுப்பா. பொட்டு வெக்க மட்டும் அவங்க வூட்டு அம்மா உள்ளேர்ந்து வருவாங்க. நாங்க ரெண்டு பேரும் அந்தாண்ட போய் நிப்போம்."

கலைவாணி பிளக்கைத் திருப்பிப் பொட்டைப் பார்த்தாள். பெங்களூரிலிருந்து கார் வந்த அன்று அம்மா குங்குமச் சிமிழோடு வாசலில் நின்றதும், தான் எங்கே பெயிண்டு போய்விடுமோ என்று குறுக்கே கையை நீட்டியதும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அன்றைக்கும் அம்மா அந்தாண்ட போய்த்தான் நின்றாள். கலைவாணிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனால் பீங்கான்மேல் பொட்டு இருக்கிறவரை கார் ஓடாது. அம்மா வைத்த பொட்டைத் தன் கையால் அழிப்பதா? துணியில் ஸ்பிரிட்டை நனைத்து எடுத்தவளுக்கு, அண்ணனுக்கு வராத கை தனக்கும் வரவில்லை.

சுந்தரம்மா மகளின் கையிலிருந்த துணியைப் பார்த்தாள், பிளக்கைப் பார்த்தாள். "இதுனாலதான் ஓடலியா?" என்றாள்.

"ஆமாம்மா. இந்த வெள்ளையில மட்டும் எதுவும் ஒட்டக் கூடாது. வெரல் அழுக்குகூட ஆவாது."

"குடு இப்பிடி. நான் வெச்சத நான் எடுக்கிறேன்."

வென்ச்சரின் தார்ச்சாலை ஓரத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுந்தரம்மா துடைக்க ஆரம்பித்தாள். கலைவாணி மளமளவென்று மற்ற மூன்றையும் கழற்றிக் கொடுத்தாள். அம்மா துடைத்துக் கொடுத்ததை ஹரிபாபு வெயிலில் திருப்பிப் பார்த்து, கோடு தெரிந்தால் திரும்பக் கொடுத்தான். டிராக்டர் சக்கரத்தில் சேறு எடுத்த கை அது. பீங்கானில் ஒரு சாயல்கூட விடவில்லை. கறுப்புக் கோடு ஆழமாக விழுந்திருந்த ஒன்றை மட்டும் ஒதுக்கினார்கள். எட்டாம் நம்பரில் ஒன்றைச் சேர்க்கலாமா என்று ஹரிபாபு கேட்டான். ஒரே என்ஜினில் இரண்டு விதம் வேண்டாம் என்று கலைவாணி அதையே திரும்ப வாங்கி, நகத்தால் தடவிப் பார்த்தாள். வெறும் கரிதான், பீங்கானில் வெட்டு விழவில்லை. இன்னொரு தடவை துடைத்ததும் போய்விட்டது. காயிலின் ரப்பருக்குள்ளும் குச்சியில் துணி சுற்றி விட்டு எடுத்தாள். அங்கே உள்ளுக்குள் எரிந்த தடம் ஏதாவது பதிந்திருந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

"லாஸ்ட் கார்! லாஸ்ட் கார்!" என்று மைக் கத்தியது.

முதல் பிளக்கைக் குழிக்குள் இறக்கப் போனவள் நின்றாள். அம்மாவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிளக்கை நீட்டினாள். இடுப்பில் இருந்த ஆறு பட்டை இரும்பை விரலால் காட்டி, "இங்க வைம்மா," என்றாள். "இது இரும்பு. இது மேல எவ்ளோ வேணும்னாலும் வெக்கலாம். ஒண்ணும் ஆவாது. வெறும் குங்குமம் வை, தண்ணி வாணாம்."

சுந்தரம்மா நம்பாமல் மகனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான். அவள் தன் பர்ஸிலிருந்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து, மோதிர விரலில் தொட்டு, முதல் பிளக்கின் இரும்புப் பட்டையில் அழுத்தி வைத்தாள். இரண்டாவதுக்கு வைத்தாள். அவசரம் என்று சுற்றிலும் எல்லோரும் பறந்துகொண்டிருக்க, அவள் மட்டும் அவசரப்படவில்லை. நாலுக்கும் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்து, கங்கையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஏதோ தான்தான் பூசை செய்து முடித்ததுபோல் ஒரு மிடுக்கு அவருக்கு வந்துவிட்டது. கலைவாணி பிளக்குகளைக் குழிக்குள் இறக்கி, கையால் மரை ஏற்றி, டார்க் ஸ்பேனரில் டிக், டிக், டிக், டிக் என்று முடித்தாள். நாலு பொட்டும் என்ஜினுக்குள் மறைந்தன.

சாவியைத் திருகினாள். உறுமல் சீராக வந்தது. அதனால் என்ன, நேற்றும் சீராகத்தான் வந்தது. கோட்டில் போய் நின்றபோது கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டத்தோடு நிற்காமல், கயிற்றைத் தூக்கிக் குனிந்து இந்தப் பக்கம் வந்து நின்றிருந்தாள் அம்மா. ஒரு பையன் வந்து தள்ளி நிற்கச் சொன்னான். அவள் நகரவில்லை. குங்குமம் ஒட்டிய விரல் புடவையில் பட்டுவிடாதபடி கையை விலக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

கொடி இறங்கியது. முதல் கூம்பு, இரண்டாவது கூம்பு. நேர்ரோடு வந்தது. இரண்டாவது கியரைப் போட்டு, தரையோடு தரையாக மிதித்தாள். ஏசி வழியாக, சூடேறிய குங்குமத்தின் வாசனை வந்தது. இந்தத் தடவை தீயவில்லை. மீட்டரின் முள் துள்ளி எழுந்து பாதியைத் தொட்டது, தாண்டியது.